பாப்பா அடுக்கும் பெரிய செங்கல்

திருவள்ளூர் ஜில்லாவுக்குச் செங்கல் புதிதல்ல. செங்குன்றம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை வட்டாரங்களில் பொங்கல் கழிந்ததும் சூளைகளில் வேலை மும்முரமாகும். சென்னைப் பட்டணத்தில் எழும்பும் எத்தனையோ மாடி வீடுகளுக்குக் கல் இங்கிருந்துதான் லாரி ஏறுகிறது. ஒன்பது அங்குல நீளம், நாலரை அங்குல அகலம், மூன்று அங்குல கனம் என்ற பழைய கணக்கு கொத்தனாருக்கு மனப்பாடம்.

இதே ஜில்லாவில் இன்னொரு செங்கலும் தயாராக வேண்டும் என்ற பேச்சு இப்போது எழக் காரணம் இருக்கிறது. அது சுட்ட செங்கல் அல்ல, பிளாஸ்டிக் செங்கல். ஒன்றரை வயதுப் பாப்பா இரண்டு கையாலும் பிடித்து, ஒன்றின் மேல் ஒன்றாக அழுத்திக் கோபுரம் கட்டி, மறு நிமிஷமே தட்டி விட்டுச் சிரிக்குமே, அந்தப் பெரிய விளையாட்டுச் செங்கல். கடைக்காரர்கள் ‘பில்டிங் பிளாக்ஸ்’ என்பார்கள்.

விளையாட்டுச் சாமானுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் இத்தனை இடமா என்று வாசகர்கள் நினைக்கலாம். ஆனால் இந்தச் செங்கலுக்குள் சுங்க வரி இருக்கிறது, தர முத்திரை இருக்கிறது, அச்சு செதுக்கும் தொழில் இருக்கிறது, அங்கன்வாடி இருக்கிறது. போகட்டும், முதலில் அதன் பூர்வீகத்தைப் பார்ப்போம்.

கட்டுவதும் கலைப்பதும்

குழந்தைகள் வீடு கட்டி விளையாடுவது நம் நாட்டில் இலக்கியத்திலேயே ஏறிய சங்கதி. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் என்று ஒரு பருவமே உண்டு. தெருவில் மணலைக் கூட்டிச் சிறுமிகள் சிறுவீடு கட்டுவார்கள். பாட்டுடைத் தலைவனான சிறுவன் காலால் சிதைக்க வருவான். “சிதைக்காதே” என்று சிறுமிகள் கெஞ்சுவார்கள். கட்டுவது ஒருவர், கலைப்பது மற்றவர் என்ற இந்த நாடகம் எந்த வீட்டுக் கூடத்திலும் இன்றும் நடக்கிறது. மணலுக்குப் பதில் பிளாஸ்டிக் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கட்டைகளைப் பாடமாக்கியவர் ஜெர்மனியின் பிரெடரிக் புரோபெல். ‘கிண்டர்கார்டன்’ என்ற பெயரை 1840-ல் உலகுக்குத் தந்தவர் அவர். அவர் வகுத்த ‘பரிசு’களில் மூன்றாவது, இரண்டு அங்குலச் சதுரக் கட்டை ஒன்றை எட்டாக அறுத்தது. எட்டையும் சேர்த்தால் முழுமை, பிரித்தால் பகுதி. மேஜை மீது வைத்து, ஆசிரியை சொல்லும் முறைப்படி அடுக்க வேண்டும். அமெரிக்காவில் பாட்டி ஸ்மித் ஹில் என்ற அம்மையாருக்கு இந்தக் கட்டுப்பாடு பிடிக்கவில்லை. கட்டை சிறிதாக இருந்தால் குழந்தையின் விரல் மட்டும்தான் வேலை செய்கிறது, பெரிதாக இருந்தால் தோள், முதுகு, கால் எல்லாம் வேலை செய்கிறது என்று கண்டு, தரையில் வைத்து விளையாடும் பெரிய கட்டைகளைச் செய்வித்தார். அவரிடமிருந்து ஊக்கம் பெற்ற கரோலின் பிராட், உயரத்தைப் போல இரு மடங்கு அகலம், அகலத்தைப் போல இரு மடங்கு நீளம் என்ற விகிதத்தில் மரக்கட்டைகள் செய்தார். நம் கொத்தனாரின் ஒன்பதுக்கு நாலரையும் நீள அகலத்தில் இதே விகிதந்தான். இரண்டு கல்லைப் பக்கத்தில் வைத்தால் மேலே ஒன்று குறுக்கே சரியாக உட்கார வேண்டும் என்பது நியூயார்க்குக்கும் பெரியபாளையத்துக்கும் பொது விதி அல்லவா?

தமிழ்நாட்டுக்கு இந்தக் கல்வி முறை நேரிலேயே வந்து சேர்ந்தது. 1939-ம் வருஷம் நவம்பரில் மரியா மாண்டிசோரி அம்மையார், பிரம்மஞான சபைத் தலைவர் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்ததன் பேரில் அடையாறுக்கு வந்து ஆசிரியர் பயிற்சி வகுப்பு நடத்தினார். வந்த இடத்தில் யுத்தம் பிடித்துக்கொண்டது. 1940-ல் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும், இத்தாலியப் பிரஜையான அவரது மகன் மரியோவை பிரிட்டிஷ் சர்க்கார் காவலில் வைத்தது. அம்மையாரின் 70-வது பிறந்த நாளை ஒட்டித்தான் விடுதலை கிடைத்தது. யுத்த காலத்தில் கோடைக்கானலிலும் தங்கிப் பணி செய்து, 1946-ல் ஐரோப்பா திரும்பினார். அவருடைய உபகரணங்களில் புகழ் பெற்றது இளஞ்சிவப்புக் கோபுரம். ஒரு சென்டிமீட்டரில் தொடங்கிப் பத்து சென்டிமீட்டர் வரை பத்து மரச் சதுரங்கள். இவை ஒன்றோடொன்று பிணையாது. கை நடுங்கினால் விழும். தவறைக் குழந்தையே கண்டு திருத்திக்கொள்ள வேண்டும் என்பது அதன் தாத்பரியம்.

தச்சர் வாங்கிய யந்திரம்

ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் பிளாஸ்டிக் செங்கல், முதலில் இங்கிலாந்தில் பிறந்தது. ‘கிடிகிராப்ட்’ கம்பெனியின் ஹிலாரி பிஷர் பேஜ் அதைச் செய்தார். டென்மார்க்கின் பில்லுண்ட் கிராமத்தில் ஓலெ கிர்க் கிறிஸ்டியன்சென் என்ற தச்சர் 1932 முதல் மரப் பொம்மைகள் செய்து வந்தார். யுத்தம் முடிந்த கையோடு பிளாஸ்டிக் வார்க்கும் யந்திரம் ஒன்றை வாங்கினார். மரத் தச்சருக்கு இது எதற்கு என்று ஊரார் கேட்டிருந்தால் ஆச்சரியமில்லை. பேஜின் செங்கலைப் பார்த்துச் சில மாற்றங்களுடன் 1949-ல் அவரது லெகோ கம்பெனி ஒன்றை வெளியிட்டது. அது சுமாராகத்தான் கவ்வியது. 1958 ஜனவரி 28-ம் தேதி, அவரது மகன் காட்பிரட், செங்கலின் அடியில் குழாய்களை வைத்து மேலே உள்ள குமிழ்களை மூன்று பக்கமும் இறுக்கிப் பிடிக்கும்படி செய்த ஏற்பாட்டுக்கு பேடண்ட் கோரி விண்ணப்பித்தார். தந்தை அதே வருஷம் காலமானார். 1963-ல், எளிதில் வளைந்து கோணிய பழைய பிளாஸ்டிக்குக்குப் பதில், ஏ.பி.எஸ். என்ற உறுதியான பிளாஸ்டிக் வந்தது.

இதில் ஒரு குறை இருந்தது. எட்டுக் குமிழ் உள்ள சாதாரணக் கல்லின் உயரம் ஒரு சென்டிமீட்டருக்கும் கம்மி. ஐந்து வயதுப் பையனுக்கு அது சரி. தவழும் தம்பிக்கோ அதை அழுத்தப் பலமில்லை. வாயில் போட்டுக்கொள்ள மட்டும் வசதி. 1969-ல் லெகோ கம்பெனி ‘டூப்ளோ’ என்ற பெரிய கல்லைக் கொண்டு வந்தது. பெயரே ‘இரட்டை’ என்பதைக் குறிப்பதாகும். நீளம் இரண்டு மடங்கு, அகலம் இரண்டு மடங்கு, உயரம் இரண்டு மடங்கு. கன அளவிலோ எட்டு மடங்கு. கெட்டிக்காரத்தனம் எதில் என்றால், சிறிய கல்லைப் பெரிய கல்லின் தலையில் மாட்ட முடியும்படி அளவை அமைத்ததில்தான். தம்பி வளர்ந்து அண்ணன் ஆகும்போது பழைய சாமானைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. தகப்பனார் புதிய பெட்டி வாங்கினாலும் பழைய பெட்டி அதன் அஸ்திவாரமாகிவிடும். வியாபாரியும் வாங்குபவரும் ஒருங்கே லாபம் பார்ப்பது அபூர்வம். இது அப்படி ஒன்று.

2002-ல் அதே கம்பெனி, டூப்ளோ என்ற பெயரை ஒதுக்கிவிட்டு வேறு பெயரில் பாலர் சாமான்களை விற்றுப் பார்த்தது. கம்பெனி நஷ்டத்தில் தத்தளித்த காலம் அது. சில வருஷங்களுக்குள் பழைய பெயரே திரும்ப வந்தது.

31.7 மில்லிமீட்டர்

பெரிய செங்கல் ஏன் பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கு இன்று சட்டமே பதில் சொல்கிறது. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கான பொம்மைகளைச் சோதிக்க ஒரு சிறிய உலோகக் குழல் உண்டு. அதன் உள் விட்டம் 31.7 மில்லிமீட்டர், அடிப்பாகம் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். குழந்தையின் தொண்டையை மனத்தில் வைத்து அமைத்த அளவு அது. பொம்மையோ, அதிலிருந்து பிய்ந்து வரும் துண்டோ அழுத்தாமல் முழுவதும் உள்ளே போய்விட்டால் அந்தப் பொம்மை தேறாது. நான்கு குமிழ் உள்ள டூப்ளோ கல்லின் பக்கம் ஏறக்குறைய 32 மில்லிமீட்டர்; உயரம் 19. எப்படித் திருப்பினாலும் குழலில் நுழையாது. அமெரிக்காவில் இந்தக் குழல் சோதனை 1980-ல்தான் அமலாயிற்று. டூப்ளோ அதற்குப் பத்து வருஷம் மூத்தது.

இதே சோதனை இந்தியாவின் ஐ.எஸ். 9873 என்ற தர விதியிலும் இருக்கிறது. பல வருஷங்கள் அது விரும்பியவர் கடைப்பிடிக்கும் விதியாகவே இருந்தது. 2019-ல் இந்தியத் தரக் கவுன்சில் டில்லி வட்டாரச் சந்தையிலிருந்து 121 வகைப் பொம்மைகளை வாங்கிச் சோதித்ததில், இறக்குமதியானவற்றில் மூன்றில் இரண்டு பங்கு தேறவில்லை. 2020 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் இரண்டு காரியங்களைச் செய்தது. பொம்மை மீதான இறக்குமதி வரி 20 சதவிகிதத்திலிருந்து 60 ஆயிற்று. பிறகு 2023-ல் 70. இரண்டாவது, தரக் கட்டுப்பாட்டு உத்தரவு. அது 2021 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. அது முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பொம்மையை இந்தியாவில் செய்யவும் கூடாது, விற்கவும் கூடாது. பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் மட்டும் விலக்கு உண்டு.

பலன் உடனே தெரிந்தது. 2018-19-ல் 37 கோடியே 10 லட்சம் டாலராக இருந்த பொம்மை இறக்குமதி, 2021-22-ல் 11 கோடி டாலராகச் சரிந்தது. ஏற்றுமதி 20 கோடியே 20 லட்சத்திலிருந்து 32 கோடியே 60 லட்சம் டாலராக ஏறியது. சர்க்கார் இதை வெற்றி என்று கொண்டாடியது இயல்பே. ஆனால் அடுத்த வருஷம் ஏற்றுமதி மேலே ஏறாமல் ஏறக்குறைய அதே இடத்தில் நின்றதைக் கவனிக்க வேண்டும். வேலி போட்டால் ஆடு வராது என்பது உண்மை. வேலிக்குள் பயிர் வளர்ந்ததா என்பது வேறு கேள்வி. 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் இந்தியாவைப் பொம்மை உற்பத்தி மையமாக்கத் தனித் திட்டம் வேண்டும் என்று அறிவிக்கப்பட்டதே, வேலி மட்டும் போதாது என்பதற்கு ஒப்புதல்தான்.

திருவள்ளூரில் என்ன இருக்கிறது?

பொம்மைக்கும் வடசென்னை வட்டாரத்துக்கும் பழைய உறவு உண்டு. 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். அந்த பலூன் கொட்டகைதான் பின்னால் எம்.ஆர்.எப். டயர்க் கம்பெனி ஆயிற்று. அதே கம்பெனி அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோவுடன் கூட்டுச் சேர்ந்து ஆரம்பித்த ‘பன்ஸ்கூல்’ இந்தியப் பொம்மைத் தொழிலில் பெரிய பெயர்களில் ஒன்று. அதன் தொழிற்சாலைகள் கோவாவிலும் ராணிப்பேட்டையிலும் உள்ளன. பலூன் பிறந்த திசையில் பொம்மைத் தொழில் வேர் பிடிக்கவில்லை.

வேர் பிடிக்க மண் இல்லாமலில்லை. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழில் வளாகம் இருக்கிறது. கல்கத்தா நெடுஞ்சாலை வாசலிலேயே போகிறது; சென்னையிலிருந்து மின்சார ரயில் வந்து நிற்கிறது. எண்ணூர், காட்டுப்பள்ளி ஆகிய இரண்டு துறைமுகங்கள் பக்கத்தில். பொன்னேரி வட்டத்தில் வாயலூர், புழுதிவாக்கம் கிராமங்களில் பாலிமர் தொழிற் பூங்கா அமைக்கப்பட்டிருக்கிறது. 2018-ல் சென்னை ஜில்லாவோடு சேர்க்கப்படும் வரை இந்த ஜில்லாவிலேயே இருந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையில், கார்க் கம்பெனிகளுக்கு அச்சு செதுக்கித் தரும் டூல் ரூம்கள் உண்டு. கிண்டியில் 1968-ல் தொடங்கிய மத்திய பிளாஸ்டிக் பொறியியல் நிலையம், சிபெட், அச்சு வரைவதையும் யந்திரம் ஓட்டுவதையும் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்து வருகிறது.

பேடண்ட் தடையும் இல்லை. லெகோவின் மூலப் பேடண்ட் 1970-களின் இறுதியிலேயே காலாவதியாகத் தொடங்கிற்று. கனடாவில் ரிட்விக் கம்பெனி 1980-களில் பாலருக்கான பெரிய கற்களைச் செய்து சந்தையில் இறங்கியது. லெகோ வழக்குத் தொடுத்தது. கல்லின் தலையிலுள்ள குமிழ் அலங்காரம் அல்ல, அது வேலை செய்யும் உறுப்பு; ஆகவே அதை வியாபாரச் சின்னம் என்று உரிமை கொண்டாட முடியாது என்று கனடா சுப்ரீம் கோர்ட் 2005-ல் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய நீதிமன்றமும் 2010-ல் இதே முடிவுக்கு வந்தது. அடுத்தவர் பெயரையும் படத்தையும் போடாமல், குமிழ் வைத்த செங்கலை யாரும் செய்யலாம்.

அப்படியானால் தடை எது? அச்சு. ஏ.பி.எஸ். மணிகளை உருக்கி எஃகு அச்சுக்குள் பெரும் அழுத்தத்தில் செலுத்துகிறார்கள்; ஆறியதும் கல் வந்து விழுகிறது. கேட்க எளிது. கல் ஆறும்போது சற்றே சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்பதை முன்கூட்டிக் கணக்கிட்டு அச்சை வெட்ட வேண்டும். தளர்ந்தால் கோபுரம் நிற்காது. இறுகினால் குழந்தையால் பிரிக்க முடியாது. லெகோ தன் அச்சுகளில் அனுமதிக்கும் பிசகு, ஒரு மில்லிமீட்டரை இருநூறாக வகுத்தால் வரும் ஒரு பங்கு அளவு. இந்த நுணுக்கம் அம்பத்தூர் தொழிலாளிக்குக் கைவராததல்ல. ஆனால் அப்படிப்பட்ட அச்சுக்கு ஆகும் பணத்தை, லட்சக்கணக்கில் கல் விற்ற பிறகுதான் மீட்க முடியும். சிறு முதலாளி அதுவரை தாங்குவாரா? தாங்க முடியாதவர் என்ன செய்வார் என்றால், மட்டமான அச்சையும் பழைய பிளாஸ்டிக் துருவலையும் கொண்டு மலிவு விலைக் கல்லை வார்ப்பார். அதில் ஈயம் முதலிய நச்சு உலோகங்கள் எவ்வளவு என்பது அவருக்கே தெரியாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை தடுக்க வந்தது இதைத்தான். அதே முத்திரைக்கான சோதனைச் செலவு நேர்மையான சிறு முதலாளியையும் சேர்த்தே அழுத்துகிறது.

இங்கே பெரிய செங்கலுக்கு ஒரு தனிச் சௌகரியம் உண்டு. அது உள்ளே கூடு. பெட்டி நிறையக் காற்று. கப்பலில் தூரதேசத்திலிருந்து வரும் பெரிய கல், பாதி வாடகையைக் காற்றுக்கே கட்டுகிறது. பக்கத்தில் செய்து பக்கத்தில் விற்க ஏற்ற பொம்மை ஒன்று உண்டென்றால் இதுவே. லெகோவும் ஐரோப்பாச் சந்தைக்கு ஹங்கேரியில் தொழிற்சாலை வைத்திருக்கிறது. ஆசியாவுக்கென்று சீனாவிலும், 2025 முதல் வியட்நாமிலும் வைத்திருக்கிறது. சந்தைக்கு அருகில் உற்பத்தி என்பதே அவர்கள் கொள்கை.

முதலில் வாங்குபவர் யார்?

அச்சுக்குப் பணம் போட, நிச்சயமான வாடிக்கைக்காரர் வேண்டும். அப்படி ஒருவர் தமிழ்நாட்டில் இருக்கிறார். அவர் சர்க்கார்தான். மாநிலத்தில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. 2019 ஜனவரியில் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 மையங்களில் மாண்டிசோரி முறையில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளும் தொடங்கப்பட்டன. மையம் ஒன்றுக்கு நூறு கல் என்று வைத்தாலும் 54 லட்சம் கல் ஆகிறது. ஒரு நல்ல அச்சுக்கு இதைவிட வேறு என்ன உறுதி வேண்டும்? விலை குறைவாகக் கேட்டவருக்கே டெண்டர் என்ற வழக்கத்தைத் தளர்த்தி, கவ்வும் பலத்தையும் வருஷக் கணக்கில் உழைப்பதையும் விதியாகச் சேர்த்தால், பொன்னேரிப் பூங்காவில் யாராவது யந்திரம் நிறுத்தத் துணிவார்கள். இன்றைய நிலையில், மையத்துக்கு வரும் சாமான் உடைந்துவிடுமோ என்று அலமாரியில் பூட்டி வைக்கப்படுவதும் உண்டு. உடையாத கல்லுக்குப் பூட்டு வேண்டாம்.

இரண்டாவது வாடிக்கைக்காரர் தொழிற்சாலைகள். முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் சொல்லிற்று. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, ஆண் பெண் என்று பாராமல் ஐம்பதுக்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஸ்தாபனம் என்று கணக்கை மாற்றியிருக்கிறது. உருக்கு ஆலைகளில் ஆண்களே மிகுந்த கும்மிடிப்பூண்டிக்கு இது சிறிய மாற்றமல்ல. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, ஒற்றை அறையில் குடும்பத்தோடு இருப்பவரின் குழந்தையும் இனி அந்தக் காப்பகத்தின் கணக்கில் வர வேண்டும். காப்பகம் என்றால் ஓர் அறை, ஓர் ஆயா, தரையில் ஒரு பாய் என்று நின்றுவிடக் கூடாதல்லவா?

மூன்றாவதாக உள்ளவர்கள், வாடிக்கைக்காரர் பட்டியலிலேயே வராதவர்கள். சுட்ட செங்கலின் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா ஜில்லாக்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு, அறுத்த கல்லுக்கு இவ்வளவு என்ற கூலியில் ஆறு மாதம் வேலை. 2011-ல் இந்த ஜில்லாச் சூளை ஒன்றிலிருந்து நூற்றுக்கணக்கானோர் கொத்தடிமை நிலையிலிருந்து மீட்கப்பட்டனர். கணவன் மண் குழைக்க, மனைவி அச்சில் அறுக்க, பிள்ளைகள் ஈரக் கல்லைத் திருப்பிப் போட்டுக் காய வைப்பார்கள். சூளைப் பிள்ளைகளுக்கு ஒடியாப் பாடப் புத்தகமும் ஒடியா பேசும் ஆசிரியரும் வைத்து, கல்வித் துறையும் தொண்டு நிறுவனங்களும் சிறப்பு மையங்கள் நடத்தியது மெச்சத்தக்க காரியம். ஆனால் அது பள்ளி வயதினருக்கு. அவர்களுக்கும் கீழே, மரநிழலில் தூளியிலிருந்து இறங்கித் தவழும் வயதினர் இருக்கிறார்கள். அங்கன்வாடிப் பதிவேட்டில் பெயர் ஏறுவதற்குள் மழை வந்து, சூளை அணைந்து, குடும்பம் ரயில் ஏறிவிடுகிறது.

2025 செப்டம்பர் 22 முதல் மின்சாரம் இல்லாத பொம்மைகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவிகிதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. கடையில் வாங்குபவருக்கு அது லாபம். சூளைப் பிள்ளைக்குக் கல் போய்ச் சேர வரிக் குறைப்பு போதாது. ஜனவரியில் குடும்பங்கள் வந்து இறங்கும்போதே சூளைவாரியாகக் கணக்கெடுத்து, ஒரு சாக்குப்பை நிறையச் செங்கலும் ஒரு பணியாளரும் அங்கேயே போகும் ஏற்பாடு வேண்டும். பெரிய கல்லைத் தண்ணீரில் அலசிக் காய வைத்தால் போதும். ஜூனில் சூளை அணைந்ததும் பையைக் கட்டி எடுத்து வந்து, அடுத்த பொங்கலுக்குப் பிறகு வரும் பிள்ளைகளுக்கு மறுபடி கொடுக்கலாம்.